செத்துட்டு வாங்க!

தமிழ் சினிமாவில் ஓர் ஏழைக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் முதல் தகுதி, அவர் செத்திருக்க வேண்டும். உயிரோடு போனால் போலீஸ் ஸ்டேஷனில் விரட்டுவார்கள். அதிகாரி மனுவை வாங்கி மேஜைக்கடியில் போடுவார். வக்கீல் விலை போயிருப்பார். செத்துட்டு வந்தால் கதையே வேறு. கதவு தானாகத் திறக்கும், காற்று சுழன்றடிக்கும், எம்.எல்.ஏ. அந்தரத்தில் தொங்குவார். நாம் கை தட்டுவோம்.

ஃபார்முலா உங்களுக்கு மனப்பாடம். ஒரு பெரிய பங்களா. அதற்குள் வந்து சேரும் ஒரு குடும்பம். கூடவே இரண்டு காமெடியன்கள். ராத்திரி கொலுசுச் சத்தம். இடைவேளைக்குப் பிறகு பேயே வாயைத் திறந்து ஃபிளாஷ்பேக் சொல்லும். அதில் ஒரு அப்பாவி இருப்பார், ஒரு பணக்காரப் பாவி இருப்பான். நிலம் பறிபோகும், அல்லது காதல் பறிபோகும். கடைசியில் உயிர் பறிபோகும். அதன்பின் முக்கால் மணி நேரத்தில் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுக் குடும்பம் சிரித்தபடி போட்டோவுக்கு நிற்கும்.

பேய்ப் படம் எனக்குப் பிடிக்காது என்று பொய் சொல்லப் போவதில்லை. கோவை சரளா துடைப்பத்தோடு நிற்கும் காட்சியில் நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். பேய் இருக்கிறதா இல்லையா என்ற பட்டிமன்றமும் இங்கே நமக்கு வேண்டாம். என் சண்டை பேயோடு இல்லை. பேய்க்குக் கை தட்டுகிற நம்மோடுதான்.

2011ல் வந்த ‘காஞ்சனா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ராகவா லாரன்ஸ் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டி.வி.யில் எத்தனை தடவை போட்டார்கள் என்று கணக்கே கிடையாது. நீங்களும் குறைந்தது மூன்று தடவையாவது பார்த்திருப்பீர்கள். திருநங்கை என்பதால் பெற்றவர்களே விரட்டிவிட்ட காஞ்சனாவுக்கு ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் கொடுக்கிறார். தான் படிக்க முடியாத டாக்டர் படிப்பை இன்னொரு திருநங்கையைப் படிக்க வைத்து, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறார் காஞ்சனா. நிலத்தை எம்.எல்.ஏ. வளைத்துப் போடுகிறார். கேட்கப் போன காஞ்சனாவும், அடைக்கலம் கொடுத்த பெரியவரும், அவர் மகனும் கொல்லப்படுகிறார்கள். செத்தவர்கள் லாரன்ஸ் உடம்பில் புகுந்து கணக்குத் தீர்க்கிறார்கள். வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். பேய் வாசலில் நின்று தெய்வத்திடம் வழக்காடி உள்ளே போகிறது. தெய்வமே வழிவிடுகிற இடத்தில் தியேட்டரில் எழுந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரத்குமார் அந்த வேடத்தைத் துணிந்து ஏற்றார் என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். நியாயமான பாராட்டு. அதுவரை நம் சினிமாவில் திருநங்கை என்றால் அநேகமாக ஒரு கேலிப் பாட்டு, ஒரு அசட்டு ஜோக். அந்த வகையில் ‘காஞ்சனா’ நல்லது செய்த படம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் காஞ்சனா உயிரோடு இருப்பது ஃபிளாஷ்பேக்கில் கொஞ்ச நேரம். மீதி நேரம் முழுக்கப் பேய். ஹீரோ உடம்பில் அவர் புடவை கட்டி மஞ்சள் பூசும்போது நாம் சிரிக்கிறோம். அதே உடம்பில் அடியாளைத் தூக்கி எறியும்போது விசில் அடிக்கிறோம். உயிரோடு இருக்கிற ஒரு காஞ்சனா பக்கத்தில் வந்து நின்றால்?

இதை நான் எழுதுவது பெண்ணாடத்தில் உட்கார்ந்து. விருத்தாசலம் போய் உளுந்தூர்பேட்டை ரோட்டைப் பிடித்தால் அந்தப் பக்கம்தான் கூவாகம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் வருவார்கள். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து பஸ்களில் ஏறிப் பாருங்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் ஒரு திருநங்கைக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வரும். நின்றுகொண்டு வருபவர்களில் எத்தனை பேர் முந்தின ஞாயிற்றுக்கிழமை ‘காஞ்சனா’ பார்த்துக் கண் கலங்கியவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர்கூட இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2008ல் இந்தியாவிலேயே முதல் முறையாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. 2014ல் சுப்ரீம் கோர்ட் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. இரண்டும் உயிரோடு இருந்தவர்கள், கூச்சப்படாமல், அவமானப்பட்டு, தெருவில் நின்று கேட்டு வாங்கியவை. எந்த ஆவியும் வந்து வாங்கித் தரவில்லை.

சரி, நிஜமாகவே கொல்லப்பட்டவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் சுமார் 20 கிலோமீட்டர். அதை ஒட்டின ஊர் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் அந்த ஊர் தலித் இளைஞர், கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். கண்ணகி அதே ஊர் வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே மாதம் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். விஷயம் வெளியே வந்தது. தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 2003 ஜூலை 8. ஊர் பார்க்க, இரண்டு பேருடைய மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள். உடல்களை எரித்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் கண்ணகி என்பதை மட்டும் இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். எந்த ஊரும் எரியவில்லை.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் மின்னல் வெட்டியிருக்கும். நிஜத்தில் என்ன நடந்தது தெரியுமா? போலீஸ் புகாரை வாங்கவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வந்து நாறிய பிறகு, இரண்டு தரப்பும் ஆளுக்கொருவரைக் கொன்றதுபோல வழக்கை ஜோடித்து, முருகேசன் பக்கத்து ஆட்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கே கொலைப் பழி! எந்தப் பேய்ப் படத்தின் திரைக்கதை ஆசிரியருக்கும் இவ்வளவு கொடூரமான கற்பனை வந்ததில்லை. 2004ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாட்சிகளில் பலர் பல்டி அடித்தார்கள். கடலூர் கோர்ட் தீர்ப்பு சொன்னது 2021 செப்டம்பர் 24 அன்று. அதாவது 18 வருஷம் கழித்து. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, இரண்டு போலீஸ்காரர்கள் உட்பட 12 பேருக்கு ஆயுள். 2022ல் ஹைகோர்ட் தூக்கை ஆயுளாக்கி, இரண்டு பேரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று சுப்ரீம் கோர்ட் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

கிட்டத்தட்ட 22 வருஷம். அத்தனை வருஷமும் ஒரு குடும்பம் கோர்ட் வாசல்களில் நின்றது. மேலவளவு வழக்கில் போராடிய வழக்கறிஞர் பொ.இரத்தினம் இதிலும் கூடவே நின்றார். முருகேசனின் சித்தி சொன்ன சாட்சி கடைசி கோர்ட் வரைக்கும் கலையாமல் நின்றது. இவர்களில் யாருக்கும் அமானுஷ்ய சக்தி கிடையாது. பஸ் டிக்கெட்டும் வாய்தா தேதியும்தான் இருந்தன.

இந்த ஊர்க் கதை ஒன்று உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான கலிக்கம்பர் பெண்ணாடத்துக்காரர், வணிகர். வீட்டுக்கு வரும் சிவனடியார்களின் பாதத்தைத் தம் கையாலேயே கழுவி உணவு படைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவர் முன்பு அவர் வீட்டிலேயே வேலைக்காரராக இருந்தவர். தண்ணீர் வார்க்க வந்த மனைவி, ‘நம்ம வீட்டு வேலைக்காரன் ஆச்சே’ என்று ஒரு கணம் தயங்கினார். கலிக்கம்பர் மனைவியின் கையையே வெட்டிவிட்டுத் தாமே தண்ணீர் வார்த்தார் என்கிறது பெரியபுராணம். கையை வெட்டியதை நான் கொண்டாட மாட்டேன், அது வேறு விவகாரம். நேற்று நமக்குக் கீழே இருந்தவன் இன்று சமமாக வந்து நின்றால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது இந்த மண்ணுக்குப் பல நூறு வருஷமாகத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன். நம் பேய்ப் படங்களுக்கு மட்டும் தெரியாது. அங்கே ஃபிளாஷ்பேக்கில் வருவதெல்லாம் ‘அந்தஸ்து’. சாதிப் பெயர் வராது. பேய்க்கு சர்ட்டிஃபிகேட் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள் போல.

“சார், மூணு மணி நேரம் கவலையை மறக்கத்தானே படம் பார்க்கிறோம். அங்கேயும் வந்து கோர்ட்டு, கேஸுன்னு உயிரை எடுக்கணுமா? நிஜத்துலதான் கெட்டவன் தப்பிச்சுடறான். படத்துலயாவது மாட்டட்டுமே!” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு பதில் ‘சந்திரமுகி’யிலேயே இருக்கிறது.

2005ல் வந்த ரஜினி படம். மலையாளத்து ‘மணிச்சித்ரத்தாழ்’ 1993ல் போட்ட விதை, கன்னடத்து ‘ஆப்தமித்ரா’ வழியாக இங்கே வந்து முளைத்தது. அதில் நிஜப் பேய் கிடையாது. கங்காவுக்கு மனநோய். தன்னைச் சந்திரமுகி என்று நம்பி, தன் காதலனைக் கொன்று தன்னையும் எரித்த வேட்டையனைப் பழிவாங்கத் துடிக்கிறாள். மனநல டாக்டரான ரஜினி என்ன வைத்தியம் செய்கிறார்? வேட்டையன் வேஷத்தில் தானே போய் நின்று, கடைசி நொடியில் ஆளை மாற்றி ஒரு பொம்மையை வைக்கிறார். சந்திரமுகி அதைக் கொளுத்துகிறாள். பழி தீர்ந்தது என்று நம்புகிறாள். கோபம் தணிகிறது, வியாதி போகிறது.

நமக்கு நடப்பதும் அதே வைத்தியம்தான். நமக்குள்ளே உள்ளபடியே ஒரு கோபம் இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கியவன் மேல், பெண்ணைக் கொன்றவன் மேல், புகார் வாங்காத ஸ்டேஷன் மேல். அந்தக் கோபத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பொம்மை கொடுக்கிறார்கள். கொளுத்துகிறோம். இறங்கிவிடுகிறது. பொம்மை செய்வது எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழில்காரர்களுக்கும் கைவந்த கலை. ஆனால் அவர்கள் அதைப் பொம்மை என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

பழைய கதைகளுக்கு இந்த வசதி கிடையாது. தமிழின் மூத்த பழிவாங்கும் பேய் யார்? பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கத்து ஊர் பழையனூர். கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் தேடி வருகிறாள். கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன், கூட வர மறுக்கிறார்’ என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். அவன் பயந்து நடுங்கி, ‘இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள்’ என்று கதறுகிறான். சபையின் 70 வேளாளர்களும் அவளை நம்புகிறார்கள். ‘உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் நீலி பாதிதான். மறுபாதி அந்தச் சபை. எழுபது பேரும் கொலைகாரர்கள் இல்லை, விசாரிக்கத் தவறியவர்கள். அதற்கே அவ்வளவு பெரிய விலை வைத்தது அந்தக் கதை. அதே போலத்தான் நம் கிராமங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் சாமியானதும். பெரும்பாலும் கொன்றவன் வம்சமும் பார்த்துக்கொண்டிருந்த ஊருமே சேர்ந்து பயந்து படையல் போடும். வருஷா வருஷம் ஊரே கூடி, ‘நாங்கள் செய்த தப்பு’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு.

சினிமாப் பேய் அந்த ஊரை விடுதலை செய்துவிட்டது. அதன் லிஸ்ட்டில் வில்லன், அவன் தம்பி, நாலு அடியாள், ஒரு மந்திரவாதி. அத்தோடு முடிந்தது. நீங்களும் நானும் லிஸ்ட்டில் இல்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் கை தட்டுகிறோம்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 2009ல் அறிவழகன் இயக்கிய ‘ஈரம்’. கணவனின் சந்தேகத்துக்குப் பலியான பெண் தண்ணீர் வழியாக வருகிறாள். கணவனுக்கு முன்னால் அவள் போய் நிற்பது அதே அபார்ட்மென்ட்டில் வாய் கூசாமல் அவதூறு பேசிய பக்கத்து வீட்டுக்காரர்களிடம். 2014ல் மிஷ்கினின் ‘பிசாசு’ இன்னும் ஒரு படி மேலே. விபத்தில் இறந்த பெண்ணின் ஆவி வீட்டுக்குள் வந்துவிட, அவளை இடித்த வண்டிக்காரனைத் தேடி அலைகிற ஹீரோ, கடைசியில் வண்டி ஓட்டியது தான்தான் என்று கண்டுபிடிக்கிறான். அவளுக்கு அது முன்பே தெரியும். அவள் பழிவாங்கவும் வரவில்லை. அந்தப் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் சத்தமில்லாமல் வந்தார்கள். விசில் அடிக்க அங்கே பொம்மை இல்லையே!

2016 ஜனவரி கடைசியில் ‘அரண்மனை 2’ வெளிவந்தது. சொந்தக் குடும்பமே குடும்ப மானத்துக்காகக் கொன்ற மகள் பேயாகத் திரும்புகிற கதை. பாட்டு, காமெடி, கிராஃபிக்ஸ் எல்லாம் சேர்த்து வசூலுக்குக் குறைவில்லை. அதற்கு ஆறு வாரம் கழித்து மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். தலித் இளைஞர், இன்ஜினீயரிங் மாணவர். கூட இருந்த மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள். சி.சி.டி.வி.யில் பதிவான காட்சி வீட்டுக்கு வீடு செல்போனில் ஓடியது. ஜனங்கள் சுற்றி நிற்பதும் அதில் தெரியும்.

கௌசல்யா செத்துப் பேயாகவில்லை. பிழைத்து எழுந்து, பெற்றவர்களுக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2017ல் திருப்பூர் கோர்ட் அவருடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020ல் ஹைகோர்ட் அப்பாவை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இந்தப் பெண்ணுக்கு நாம் கை தட்டினோமா? ‘அப்பா அம்மாவையே மாட்டிவிட்டவள்’ என்று பேசிய வாய்கள் கொஞ்சநஞ்சமில்லை. அதே வாய்கள்தான் திரையில் மகள் பேயாக வந்து அப்பனைத் தேடும்போது ‘அப்படிப் போடு!’ என்கின்றன. கேட்டால், அவள்தான் செத்துவிட்டாளே, பாவம் என்பார்கள். உயிரோடு நியாயம் கேட்டால் திமிர். செத்து வந்து கேட்டால் சென்டிமென்ட்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் என்ற சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வெட்டிக் கொல்லப்பட்டார். காதல், சாதி, அதே கதை. அதற்குப் பிறகுதான், 2025 அக்டோபரில், ஆணவக் கொலையைத் தடுக்கத் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஒரு கமிஷன் என்று தமிழக அரசு அறிவித்தது. மத்திய சட்டக் கமிஷன் இதற்கு ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தது 2012ல். கண்ணகியையும் முருகேசனையும் கொன்றது 2003ல். ‘அரண்மனை’ இந்த இடைவெளியில் நான்கு பாகம் வந்துவிட்டது.

அடுத்த பேய்ப் படம் எப்படியும் வரும். நீங்களும் போவீர்கள், நானும் வருவேன். ஃபிளாஷ்பேக் வரும்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வில்லனைப் பார்க்காதீர்கள், அடிபடுகிறவரையும் பார்க்காதீர்கள். ஃபிரேமின் பின்வரிசையைப் பாருங்கள். வேட்டி கட்டிய பெரியவர்கள், தலையில் முக்காடிட்ட பெண்கள், துண்டை வாயில் பொத்திய ஒருவர் என்று ஒரு பத்து முப்பது பேர் கை கட்டி நிற்பார்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள். ‘கட்’ சொன்னதும் பேட்டாவை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிப் போயிருப்பார்கள். படம் முடிகிறவரை ஒரு பேயும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.